குறையை முதலில் சொல்லுங்கள், சேலை விலைபோகும்

“ஒரு தடவைதான் கட்டியது.” இயங்கலையில் விற்பனைக்கு வரும் பழைய சேலைப் படங்களின் கீழே இந்த வரி இல்லாமல் இருப்பது அபூர்வம். நிச்சயதார்த்தத்துக்கு ஒரு தடவை, அல்லது அண்ணன் கல்யாண வரவேற்புக்கு இரண்டு மணி நேரம், அவ்வளவுதானாம். அடுத்து இன்னொரு வரி இருக்கும்: “நோ ரிட்டன், நோ ரிஃபண்ட்.” முதல் வரி உண்மையா என்று யாராலும் சோதிக்க முடியாது. இரண்டாவது வரி செல்லுமா என்று யாரும் கேட்பதில்லை. மலேசியத் தமிழ்ப் பெண்கள் கைப்பேசியை மட்டும் வைத்து நடத்தும் பழைய துணி வியாபாரத்தில் சண்டை கிளம்புவது பெரும்பாலும் இந்த இரண்டு வரிகளிலிருந்துதான்.

பத்தாங் பெர்ஜுந்தாய் மாதிரியான ஊரில் இப்படியொரு வியாபாரம் பெண்களை ஏன் இழுக்கிறது என்பது புரியாத புதிர் அல்ல. அரசாங்கப் பலகையில் 2007 முதல் பெஸ்தாரி ஜெயா. பேச்சில் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தாய்தான். இங்குள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் வணிகத்துக்காக நாட்டிலேயே முதன்முதலாகச் செம்பனை நட்டார். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பால்மரம் சீவிய குடும்பங்களின் அடுத்த தலைமுறை ரவாங்குக்கும் கிள்ளானுக்கும் ஷா ஆலாமுக்கும் வேலைக்குப் போனது. வீட்டில் பிள்ளையையும் மாமியாரையும் பார்த்துக்கொண்டு இருக்கிற பெண்ணுக்கு, கார் இல்லாமல், கடை வாடகை இல்லாமல் செய்யக்கூடிய தொழில்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பலகாரம் சுடலாம், பூ கட்டலாம், ரவிக்கை தைக்கலாம். அலமாரியில் சும்மா கிடக்கும் துணியையும் விற்கலாம்.

பழைய துணி இரண்டு வழியாக வருகிறது. ஒன்று பண்டல். ஜப்பான், கொரியா போன்ற நாடுகளில் கழித்துவிட்ட துணி பேல் பேலாகக் கட்டப்பட்டு இங்கே இறங்குகிறது. ஜப்பானின் புக்ஆஃப் நிறுவனம் 2016-லேயே ‘ஜாலான் ஜாலான் ஜப்பான்’ என்ற பெயரில் மலேசியாவில் பழைய பொருள் கடை திறந்துவிட்டது. பண்டல் சட்டை போடுவது வெட்கப்படும் காரியமாக இருந்த காலம் மலையேறிவிட்டது. பழைய லீவைஸ் ஜீன்ஸுக்கும், பாட்டுக் குழுவின் பெயர் போட்ட டீ-சட்டைக்கும் புதியதைவிட அதிக விலை கொடுக்கிற இளைஞர்கள் இருக்கிறார்கள்.

பண்டல் வியாபாரிகளிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. கழுத்துப் பட்டையில் இருக்கும் ‘எம்’, ‘எல்’ எழுத்துகளை அவர்கள் நம்புவதில்லை. சட்டையைத் தரையில் விரித்து அக்குளிலிருந்து அக்குள்வரை ஓர் அளவு, தோளிலிருந்து கீழ் ஓரம்வரை ஓர் அளவு எடுப்பார்கள். ‘பிட் 20, லாபுஹ் 28’ என்று அங்குலக் கணக்கில் படத்தின் கீழே போடுவார்கள். பல தடவை துவைத்த துணி சுருங்கியிருக்கும், நாட்டுக்கு நாடு அளவும் மாறும். வாங்குகிறவர் தன் வீட்டுச் சட்டை ஒன்றை அளந்து ஒப்பிட்டுக்கொள்ளலாம். ‘சைஸ் சரியில்லை’ என்ற புகார் வாசலுக்கே வராமல் போவதற்கு அந்த இரண்டு எண்கள் போதும்.

ஆனால் பேல் வாங்குவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கும் வழக்கம் இந்தத் தொழிலில் பெரும்பாலும் கிடையாது. மேற்கு ஆப்பிரிக்காவில், கானாவின் அக்ரா நகரத்தில் உள்ள கந்தமாந்தோ, உலகின் மிகப் பெரிய பழைய துணிச் சந்தைகளில் ஒன்று. 2025 ஜனவரித் தொடக்கத்தில் தீயில் பெரும்பகுதி எரிந்து, செய்திகளில் அடிபட்ட அதே சந்தைதான். அங்கேயும் சிறு வியாபாரிகள் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே கட்டை வாங்குகிறார்கள். கறை படிந்ததும் கிழிந்ததும் உள்ளே இருந்தால் நட்டம் பிரித்தவர் தலையில். லண்டனில் துணியைக் கழித்தவரிடமோ கப்பலில் ஏற்றியவரிடமோ அவர் போய்ப் புகார் சொல்ல முடியாது. ஆகவே நான்கு கைகள் தள்ளிவிட்ட குறை கடைசியில் சின்ன வியாபாரியின் கைக்கு வருகிறது. அதை அவர் வாங்குகிறவர் தலையில் கட்டப் பார்க்கிறார். இந்த நியாயம் புரிகிறது. ஏற்றுக்கொள்ளத்தான் முடியவில்லை.

இரண்டாவது வழி சொந்த அலமாரி. நம்மவர்கள் அதிகம் நுழைவது இதில்தான். பட்டுச் சேலை, லெஹங்கா, பஞ்சாபி சூட், பிள்ளைகளின் பாவாடை சட்டை. அக்காளின் துணி தங்கைக்குப் போவதை நம் வீடுகளில் யாரும் ‘பழைய துணி’ என்று சொன்னதில்லை. முன்பின் தெரியாதவர் உடுத்தியதை உடுத்த மட்டும் தயக்கம் இருந்தது. கட்டியவர் உயிரோடு இருக்கிறாரா, என்ன சூழ்நிலையில் விற்கிறார் என்ற கேள்விகள் மனத்தில் ஓடும். கல்யாண வீட்டுப் படங்கள் புலனத்திலும் முகநூலிலும் நிரந்தரமாகத் தங்க ஆரம்பித்த பிறகு நிலைமை மாறியது. ஒரே சேலையை இரண்டு விசேஷங்களுக்குக் கட்டினால் சொந்தக்காரர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். விற்றால் காசு, வாங்கினால் மலிவு. தயக்கம் மெல்ல விலகியது.

சேலையில் வரும் புகார்கள் சட்டையில் வருவதைப் போல இரண்டு எண்களில் அடங்குவதில்லை. மயில் கழுத்து நிறப் பட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம் என்று நெய்வதால் திருப்பத் திருப்ப நிறம் மாறும். ஒரே படத்தில் அதில் ஒரு நிறம்தான் விழும். வளைய விளக்குக்கு முன்னால் நேரலையில் காட்டினால் அதுவும் வெளிறிப்போகும். பொட்டலம் வந்ததும் குறுஞ்செய்தி பறக்கும்: “அக்கா, படத்துல நீலம். கையில வந்தது பச்சை. இது அந்தச் சேலையே இல்லலா.” அக்கா பொய் சொல்லவில்லை, வாங்கியவரும் பொய் சொல்லவில்லை. வாசலில் காலை வெயிலில் இரண்டு கோணத்தில் எடுத்த படம் இருந்திருந்தால் இந்த வாக்குவாதமே இல்லை.

அடுத்தது மடிப்பு. ஒரே மடிப்பில் வருடக்கணக்காகக் கிடந்த பட்டு, ஜரிகை மடங்கும் இடத்தில் இற்றுப்போகும். கையில் பிடித்தால் தெரியாது. ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடித்தால் ஊசி முனை அளவில் ஒளி வரிசையாகத் தெரியும். கல்யாண மண்டபத்தில் வாங்கியவர் கொசுவம் வைத்து இழுக்கும்போது அந்த வரிசையில் சேலை விட்டுக்கொடுக்கும். பாச்சை உருண்டை வாசனையைப் படம் காட்டாது. ரவிக்கைத் துணியை வெட்டி எடுத்துவிட்டார்களா, ஃபால்ஸ் தைத்திருக்கிறதா, ஜரிகை கறுத்திருக்கிறதா என்பதையும் சொன்னால்தான் தெரியும். இன்னொன்று, தீபாவளியன்று புதுத்துணியின் ஓரத்தில் நாம் வைக்கும் மஞ்சள். விற்பவருக்கு அது கண்ணிலேயே படாது. அது மங்கலம், கறை அல்ல. வாங்கியவர் அதைப் பெரிதாக்கிப் படமெடுத்து ‘கறை’ என்று அனுப்புவார். இரண்டு பேரும் தமிழர்கள், இரண்டு பேர் வீட்டிலும் மஞ்சள் வைக்கும் வழக்கம் உண்டு, இருந்தும் சண்டை வரும். அந்த ஓரத்தையும் சேர்த்துப் படம் போட்டிருந்தால் ஒன்றுமில்லை.

குறையைக் காட்டினால் யார் வாங்குவார்கள் என்ற பயம் இயல்பானது. ஈபே நிறுவனத்தின் கதையைத் தொடங்கி வைத்த விற்பனை இந்தப் பயத்துக்கு நல்ல பதில். 1995 செப்டம்பரில் பியர் ஒமிதியார் தன் ஏலத் தளத்தைச் சோதித்துப் பார்க்க, உடைந்துபோன லேசர் சுட்டி ஒன்றை ‘உடைந்தது’ என்று சொல்லியே போட்டார். 14.83 டாலருக்கு அது விலைபோனது. உடைந்தது என்று தெரிந்துதான் வாங்குகிறீர்களா என்று அவர் கேட்டபோது, உடைந்த லேசர் சுட்டிகளைச் சேகரிப்பவன் நான் என்று பதில் வந்தது. சேலையிலும் இது நடக்கும். உடல் இற்றுப்போன பட்டைக் கரைக்காகவும் முந்தானைக்காகவும் வாங்கிப் பிள்ளைக்குப் பாவாடை தைப்பவர்கள் இருக்கிறார்கள். இற்றுப்போனது என்று சொன்னால்தான் அவர்கள் கண்ணில் அது படும். கல்யாணத்துக்குக் கட்ட நினைப்பவர் விலகிப்போவார்.

இனி அந்த ‘நோ ரிஃபண்ட்’ வரிக்கு வருவோம். மலேசியாவின் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இயங்கலை விற்பனைக்கும் பொருந்தும். 2007 திருத்தம் அதற்கு வழி செய்தது. விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். தரத்தைப் பார்க்கும்போது விலையையும், பொருளின் தன்மையையும், விற்பவர் அதைப் பற்றி என்ன சொன்னார் என்பதையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. அதாவது 60 ரிங்கிட் பழைய சேலையில் கடைச் சேலையின் மினுமினுப்பை யாரும் கேட்க முடியாது. ஆனால் சொல்லாத கிழிசலுக்கு விற்பவர்தான் பொறுப்பு. “ரிஃபண்ட் கிடையாது” என்று எழுதி வைத்து இந்தப் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது, ஏனென்றால் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் சட்டம்தான் மேலே. அதே சட்டத்தின் 32-ஆம் பிரிவில் விற்பவருக்கு ஒரு கேடயமும் இருக்கிறது. விற்பதற்கு முன்பே ஒரு குறையைக் குறிப்பாகச் சுட்டிக்காட்டியிருந்தால், அதே குறையைக் காரணம் காட்டிப் பொருள் தரமில்லை என்று வாங்கியவர் பிறகு வாதாட முடியாது. நாலு எழுத்துக் குறிப்பும் ஒரு படமும் தரும் பாதுகாப்பை, பெரிய எழுத்தில் போட்ட எச்சரிக்கை தருவதில்லை.

வாங்குகிறவருக்கும் இதில் எல்லை உண்டு. மனம் மாறிவிட்டது, வீட்டுக்காரருக்கு நிறம் பிடிக்கவில்லை என்பதற்காகத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை இந்தச் சட்டம் தரவில்லை. தொழிலாக விற்பவருக்குத்தான் இந்தக் கடமைகள். தன் சேலைகள் இரண்டை ஒரு தடவை விற்றுவிட்டு நிறுத்திக்கொள்ளும் பெண் வியாபாரி ஆகிவிடுவதில்லை. வாராவாரம் நேரலை போடுபவர் நிச்சயமாக வியாபாரிதான். அவர் தன் பெயர், தொடர்பு விவரம், பொருளின் முக்கியமான தன்மைகள், அஞ்சல் செலவு உட்பட முழு விலை எல்லாவற்றையும் காட்ட வேண்டும் என்ற விதி 2013 ஜூலை முதல் இருக்கிறது. “விலைக்கு பி.எம். பண்ணுங்க” என்று எழுதுவது அந்த விதிக்கு நேர் எதிர். நம்மிடையே அதுதான் சாதாரண நடைமுறை. ஆளைப் பார்த்து விலை சொல்கிறார்கள் என்ற சந்தேகம் அங்கேயே விதைக்கப்பட்டுவிடுகிறது. பிறகு வரும் புகாரில் பாதிக் கோபம் அந்தச் சந்தேகத்தின் கோபம்.

புகார் வந்ததும் பெரும்பாலான விற்பனையாளர்கள் எடுக்கும் முதல் முடிவு, அந்த எண்ணைத் தடை செய்வது. அறுபது வெள்ளிக்கு இவ்வளவு பேச்சா என்ற எரிச்சல். கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட் ஆனது. 26 வேலை நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 65 ரிங்கிட் சொச்சம். செம்பனைக் குலை வெட்டுகிற அல்லது தொழிற்சாலையில் நிற்கிற வீட்டில் அந்தச் சேலை கிட்டத்தட்ட ஒரு நாள் கூலி. அதற்காகப் பத்துக் குறுஞ்செய்தி அனுப்புவது அற்பத்தனம் அல்ல. அதே கணக்கு விற்பவருக்கும் பொருந்தும். அவருக்கும் அது ஒரு நாள் வருமானம். அதனால்தான் முழுப் பணம் அல்லது முழு மறுப்பு என்று பிடிவாதம் பிடிப்பது இரு பக்கமும் நட்டம். தோட்டத்துப் பெண் சேலையைத் திருப்பி அனுப்ப வேண்டுமென்றால் டவுனுக்குப் பேருந்தோ கிராப் வண்டியோ பிடிக்க வேண்டும், அஞ்சல் கட்டணம் வேறு. சேலையை அவரே வைத்துக்கொள்ளட்டும், இருபது ரிங்கிட் திருப்பித் தருகிறேன் என்று முடிப்பது பல நேரம் இருவருக்கும் மலிவு. ஃபால்ஸ் பிரிந்திருந்தால் தையல்காரருக்குக் கொடுக்கும் கூலியை அனுப்பிவிடலாம்.

பதில் எழுதும் விதமும் முக்கியம். “நீங்க என்ன பொய் சொல்றீங்களா?” என்று தொடங்கும் உரையாடல் எங்கே போய் முடியும் என்பது எல்லாருக்கும் தெரியும். “தங்கச்சி, கிழிஞ்ச இடத்தை வெளிச்சத்துல ஒரு படம் எடுத்து அனுப்புங்க, நான் அனுப்புறதுக்கு முன்ன எடுத்த படத்தோட வச்சுப் பார்த்துட்டு இன்னைக்கு ராத்திரிக்குள்ள சொல்றேன்” என்பதில் மன்னிப்பும் இல்லை, மறுப்பும் இல்லை. நேரக் கெடு இருக்கிறது, ஆதாரம் கேட்கப்பட்டிருக்கிறது. அனுப்புவதற்கு முன் எடுத்த படம் இல்லையென்றால் இந்தப் பதிலே எழுத முடியாது என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஏமாற்றுகிற வாங்குநர்கள் இல்லாமல் இல்லை. தீபாவளிக்குக் கட்டிவிட்டு, நான்காம் நாள் ‘கறை இருக்கு’ என்று திருப்பி அனுப்பும் கதைகளை விற்பனையாளர்கள் சொல்லிச் சொல்லி ஆத்திரப்படுவார்கள். அதற்காகத்தான் ‘பொட்டலம் பிரிக்கும் வீடியோ கட்டாயம்’ என்ற நிபந்தனை கிளம்பியது. வீடியோ நல்ல ஆதாரம், சந்தேகமில்லை. ஆனால் வீடியோ இல்லை என்ற ஒரே காரணத்துக்காகப் புகாரைத் தள்ளிவிடச் சட்டத்தில் இடமில்லை. லிதுவேனியாவில் 2008-இல் தொடங்கி ஐரோப்பா முழுக்கப் பரவிய விண்டட் தளம் வேறு வழி பிடித்தது: பொருள் கைக்கு வந்து இரண்டு நாளுக்குள் குறை சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பணம் விற்றவருக்குப் போய்விடும். அதுவரை பணம் தளத்தின் கையில். நம் நேரலை அக்காமார்களும் இரண்டு நாள் கெடு வைத்துக்கொள்ளலாம். முந்தானை ஓரத்தில் வெளியே தெரிகிற மாதிரி ஒரு அட்டையை நூலால் கட்டி, அட்டை அறுந்திருந்தால் திரும்ப எடுக்கமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். அட்டை தொங்கும் சேலையைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போகிறவர்கள் குறைவு.

தடை செய்வதைவிட மோசமான பழக்கம் ஒன்று பரவி வருகிறது: ‘வைரல்’ ஆக்குவது. புகார் சொன்னவரின் பெயர், கைப்பேசி எண், சில நேரம் வீட்டு முகவரி தெரியும் அஞ்சல் சீட்டுவரை குழுவில் போட்டு, “இவங்ககிட்ட ஜாக்கிரதை” என்று எழுதுகிறார்கள். வாங்கியவர்களும் சளைத்தவர்கள் அல்லர். விற்றவரின் பிள்ளைகள் படத்தை எடுத்துப் போட்டுவிடுவார்கள். வணிகப் பரிவர்த்தனையில் கிடைத்த ஒருவரின் விவரத்தை இஷ்டத்துக்குப் பரப்புவது 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தோடு மோதும் காரியம். சட்டம் கிடக்கட்டும், வியாபாரத்துக்கு இதனால் என்ன லாபம்? ஈபே இதை அனுபவித்துப் பார்த்தது. அங்கே விற்பவரும் வாங்குபவரும் ஒருவரை ஒருவர் மதிப்பிடலாம் என்று இருந்தபோது, குறை சொன்னால் பதிலுக்கு நமக்கும் கெட்ட பெயர் வைத்துவிடுவார்கள் என்று பயந்து வாங்கியவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். 2008-இல், வாங்கியவர்மீது விற்பவர் எதிர்மறைக் கருத்து எழுத முடியாதபடி ஈபே மாற்றிவிட்டது. புகார் சொல்லப் பயப்படும் வாடிக்கையாளர் புகார் சொல்லாமலே போய்விடுகிறார், திரும்பியும் வருவதில்லை. பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து ஈஜோக்வரை எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வகையில் சொந்தம். ஒரு குழுவில் போட்ட படம் அடுத்த கோயில் திருவிழாவுக்குள் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

பணம் அனுப்பும் முறையில்தான் நம்மவர்கள் ரொம்பவும் அலட்சியம். கரோசெல், ஷோப்பி போன்ற தளங்களில், அவற்றின் பணம் செலுத்தும் முறையைப் பயன்படுத்தினால், பொருள் வந்து சேரும்வரை பணம் இடையில் நிற்கும். கமிஷன் போகிறதே என்று பலர் டூயிட்நவ் மூலம் நேராகத் தங்கள் கணக்குக்கு அனுப்பச் சொல்கிறார்கள். தெரிந்தவர்களுக்குள் இது பரவாயில்லை. தெரியாதவர்களிடம் வாங்குகிறவர் காவல்துறையின் ‘செமாக் மியூல்’ தளத்தில் கணக்கு எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு அனுப்பலாம். சேலையே இல்லாமல் படத்தை மட்டும் வைத்துப் பணம் பறிப்பவர்கள் இருக்கிறார்கள், அது புகார் அல்ல, மோசடி; பணம் போனவுடனே மோசடி உதவி எண்ணான 997-க்கு அழைக்க வேண்டும்.

மற்றத் தகராறுகளுக்குப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. வழக்குப் பதிய 5 ரிங்கிட். வழக்கறிஞர் தேவையில்லை, அனுமதியும் இல்லை. 2019 முதல் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது. தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாமல் விடுவது குற்றம். அறுபது ரிங்கிட் சேலைக்காக அங்கே போகத் தோன்றாதுதான். ஆனால் ஆயிரத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய கல்யாண லெஹங்கா என்றால் போகலாம், போக வேண்டும். எதிர்த் தரப்பு ஒரு வியாபாரியாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

வாராவாரம் விற்கும் பெண்கள் வியாபாரங்களைப் பதியும் ஆணையமான எஸ்.எஸ்.எம்மில் பதிவு செய்துகொள்வது ஏன் இவ்வளவு குறைவாகப் பேசப்படுகிறது என்று தெரியவில்லை. சொந்தப் பெயரில் என்றால் வருடத்துக்கு 30 ரிங்கிட், கடைப் பெயர் வைத்தால் 60. பதிவு எண்ணைப் படத்தின் கீழே போட்ட விற்பனையாளரிடம் வாங்குகிறவர் பேசும் தொனியே மாறுகிறது. வங்கியில் சிறு கடன் கேட்கப் போகும்போதும் அந்த எண் உதவும்.

தோட்டத்து மண்டபங்களிலும் கோயில் வளாகங்களிலும் பெண்களுக்கான தையல் வகுப்பும் கேக் வகுப்பும் நடக்கின்றன. அவற்றை நடத்தும் அமைப்புகள் ஒரு மதியத்தை இதற்கு ஒதுக்கலாம். சேலையை வெளிச்சத்தில் பிடித்துச் சோதிப்பது, கறையையும் மஞ்சளையும் சேர்த்துப் படமெடுப்பது, முழு விலையைப் போடுவது, கோபமாக வந்த குறுஞ்செய்திக்குக் கோபமில்லாமல் பதில் எழுதுவது, தீர்ப்பாயப் படிவத்தை நிரப்புவது. சொல்லித்தர வெளியூரிலிருந்து யாரும் வர வேண்டாம், வருடக்கணக்காக நேரலை போடும் அக்காமாரே போதும். தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்னால் வைத்தால், சேலைகள் அலமாரியிலிருந்து வெளியே வரும் நேரத்துக்குச் சரியாக இருக்கும்.